தற்போது பயன்பாட்டில் இல்லை

கிணற்றுக்கு நாங்கள் நூற்றுக்கு நாற்பத்தொன்று போட்டோம். எங்கள் ஐந்து பேரில் யாருமே அதைவிடப் பெரிதாக எதிலும் வாங்கியவர்கள் இல்லை. ஆனால் பேனா எங்கள் கையில் இருந்தது.

மாதாப்பூரில் பாறைகளை வெடி வைத்துப் பெயர்த்துக்கொண்டிருந்த ஆண்டுகள். காலையில் பாறை, மதியம் புழுதி, அடுத்த வருடம் கண்ணாடி. ஊரே ஜாவா படித்துக்கொண்டிருந்தபோது நான் ஜாடித் துண்டு படித்தேன். முதுகலை, மக்கள் தொல்லியலும் பண்பாட்டு மரபுப் பாதுகாப்பும். பாடத்தின் பெயரை வீட்டில் முதல்முறை முழுதாகச் சொன்னபோது, மென்பொருள் கம்பெனியில் வேலை பார்த்த என் அண்ணன் தட்டிலிருந்து தலையைத் தூக்கினான்.

"தொல்லியல் தெரியும், மண்ணைத் தோண்டுறது. அது என்ன மக்கள் தொல்லியல்? செத்தவங்களுக்கு கஸ்டமர் கேரா?"

"உயிரோட இருக்கிறவங்களையும் அதுல சேர்த்துக்கிறது."

"ஹவ், சரி! அவங்க உன்னைச் சேர்த்துக்கிறாங்களான்னு கேட்டியா?"

எங்கள் வீடு அல்வாலில் நான்கு தலைமுறை பழசு. தமிழில் கிளம்பி, தெலுங்கில் திரும்பி, தக்கனி உருதுவில் போய் முட்டி நிற்கும் பேச்சு எங்களுடையது. அண்ணனின் வாழ்க்கைத் தத்துவம் மொத்தமும் ஒரு தக்கனிச் சொல்லில் அடங்கிவிடும். கைக்கு? எதற்கு? கைக்குடி இதெல்லாம் உனக்கு? இந்த ஊருக்கு அடியில் இன்னொரு ஊர் படுத்து மூச்சு விடுவது எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. அப்போதெல்லாம் நான் அப்படித்தான் பேசுவேன். கேட்டவர்கள் பெருந்தன்மையாகப் பொறுத்துக்கொண்டார்கள்.

எங்கள் பேராசிரியர் 'மக்கள்' என்று சொல்லும்போதெல்லாம் இரண்டு கைகளையும் அகல விரிப்பார், பெரிய அண்டா ஒன்றை யாரோ கொண்டுவந்து கொடுக்கப்போகிற மாதிரி. பழஞ்சின்னங்கள் அரசுக்கும் அறிஞர்களுக்கும் மட்டும் சொந்தமில்லை, சுற்றி வாழ்கிற மக்களுக்கும் சொந்தம். இது பாடத்தின் முதல் வரி. அந்த மக்கள் அவற்றை எப்படியெல்லாம் பாழாக்குகிறார்கள் என்பது இரண்டாம் வரியிலிருந்து கடைசி வரி வரை.

இரண்டாம் ஆண்டு ஆய்வேட்டுக்கு எங்கள் குழுவுக்கு ஒரு படிக்கிணறு கிடைத்தது. மாதாப்பூரின் கண்ணாடிக் கட்டடங்களுக்குப் பின்னால், இன்னும் சாலை போடாத ஒரு சரிவில் இருந்தது. ஒரு பக்கம் அகலமான படிகள், மற்ற மூன்று பக்கமும் கருங்கல் வளைவுகள். இறங்க இறங்க வெயில் மெலிந்து, கடைசிப் படியில் நூலாகும். அடியில் பச்சைத் தண்ணீர். தண்ணீருக்குள் தலைகீழாக ஒரு கிரேன் மெல்லத் திரும்பிக்கொண்டிருக்கும். முதல் நாள் அங்கே நின்று எனக்குக் கண் கலங்கியது. பாதி அழகு, பாதி ப்ளீச்சிங் பவுடர்.

ஏனென்றால் பதினொரு சலவைக்காரக் குடும்பங்கள் அங்கே துவைத்துக்கொண்டிருந்தன. நடுத்தளத்தில் வரிசையாகத் துவைகற்கள், வளைவுத் தூண்களில் கட்டிய கயிறு, கயிற்றில் மாதாப்பூரின் மொத்தச் சட்டைகளும். மாடத்தில் மஞ்சள் பூசிய ஒரு சின்ன அம்மன், அவளுக்கு ஒரு ட்யூப்லைட். கூட்டத்துக்குத் தலைவி மாதிரி ஒருத்தி. நாற்பது வயது இருக்கும். சேலைக்கு மேல் ஏதோ ஒரு கம்பெனியின் முத்திரை போட்ட பழைய சட்டை மாட்டியிருப்பாள், இடுப்பில் கைபேசி. எந்த அடுக்ககத்தின் எந்த மாடியில் யாருடைய சட்டை என்பதெல்லாம் அவள் தலைக்குள் இருந்தது.

"சர்வேயா? ரேஷன் கார்டா?" என்றாள் எங்களைப் பார்த்ததும். அவள் பேசுவது தெலுங்கு. இங்கே என் தமிழில் கொஞ்சம் வெளுத்துத்தான் வரும்.

"இந்தக் கிணத்தைப் பத்திப் படிக்கிறோம் அக்கா."

"கிணத்தைப் பத்தி என்னம்மா படிக்க இருக்கு? கீழ தண்ணி, மேல வானம். முடிஞ்சுது. எறங்குங்க, வழியை விடுங்க."

எங்களிடம் ஒரு படிவம் இருந்தது. கிணற்றின் வயது, கட்டுமானம், அரிதான தன்மை என்று கூட்டல் வரிசை ஒன்று. தற்காலப் பயன்பாட்டால் வந்த சிதைவு என்று கழித்தல் வரிசை ஒன்று. அறுபதுக்கு மேல் வாங்குகிற சின்னங்களைப் பாதுகாக்கச் சொல்லி எங்கள் துறை நகர நிர்வாகத்துக்குப் பட்டியல் அனுப்பும். பட்டியலில் ஏறினால் கிணறு பிழைக்க வழி உண்டு. ஏறாவிட்டால் பக்கத்து நிலத்தைச் சுற்றித் தகரம் அடித்து முடித்திருந்த கட்டடக்காரர், இதையும் சேர்த்து அடித்துவிடுவார். அவருடைய ஆட்கள் இரண்டு தடவை வந்து நாடா பிடித்து அளந்துவிட்டுப் போயிருந்தார்கள்.

இதை அவளுக்கு விளக்கினேன். படிவத்தில் அவளுடைய வகை 'பங்குதாரர்' என்றும் சொன்னேன்.

"அப்படியா? என் பாகம் எவ்வளவு?"

"அந்த மாதிரிப் பங்கு இல்லைக்கா. கருத்துச் சொல்ற பங்கு."

"அது என் வீட்டுக்காரனுக்கே இருக்கே!" என்றாள். துவைத்துக்கொண்டிருந்த மற்ற பெண்கள் சிரித்த சிரிப்பு மூன்று பக்க வளைவுகளிலும் பட்டுத் திரும்பி வந்தது. பிறகு அவள் சிரிக்காமல் சொன்னாள். "கேளு பொண்ணே. எங்ககிட்ட பட்டா கிடையாது, காகிதம் கிடையாது. எங்க மாமியார் காலத்துலேர்ந்து தினம் துவைக்கிறோம், அதுதான் எங்க பட்டா. இந்தக் கல்லு ஒரு வாரம் காஞ்சு கிடந்துச்சுன்னா அவன் வந்து உட்கார்ந்துடுவான். அதான் தீபாவளிக்கும் துவைக்கிறோம், காய்ச்சல்லயும் துவைக்கிறோம். உங்க காகிதம் இதைக் காப்பாத்துமா, காப்பாத்தாதா? அதை மட்டும் சொல்லு."

"காப்பாத்தும்," என்றேன்.

அவள் சொன்னதை அப்படியே குறிப்பேட்டில் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டு, ஓரத்தில் 'வாய்மொழிச் சான்று, அருமை' என்று குறித்துக்கொண்டேன். சான்று அருமையாக இருந்ததில் அது என்ன சொல்கிறது என்று கவனிக்க மறந்துவிட்டேன்.

கூட்டல் வரிசை அமோகமாக வந்தது. கழித்தலில் கிணறு மூழ்கியது. துவைகல், கழி. சோப்புக் கறை, கழி. தூணில் கயிறு, கழி. அம்மன், பிற்காலச் சேர்க்கை, கழி. ட்யூப்லைட்டுக்கு எவ்வளவு கழிப்பது என்று அரைமணி நேரம் சண்டை போட்டோம். மொத்தம் நாற்பத்தொன்று. பழைய பானை ஓடுகளில் யாரோ கீறிய குறிகளுக்காக நான் ஒரு பருவம் முழுவதையும் செலவழித்தவள். மாதாப்பூர் அறையிலிருந்து வார இறுதிக்கு வீடு வரும் அண்ணனின் சட்டைக் காலருக்குள்ளே, இந்தக் கிணற்றுக்காரிகள் அழியாத மையில் போட்ட இரண்டு புள்ளியும் ஒரு கொக்கியும் இருந்தன. அதைக் கறை என்று நினைத்தேன்.

பேராசிரியர் எங்கள் கூட்டலைச் சரிபார்த்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார்.

"சின்னம் பிரமாதம். ஆனால் தூய்மை இல்லை. ஒன்று செய்யலாம். அவர்களை ஒரு மாதம், ஒரே மாதம், வேறு இடத்தில் துவைக்கச் சொல்லுங்கள். சுத்தம் செய்து, மறுபடி ஆவணப்படுத்தி, மறுபடி மதிப்பெண் போடுவோம். மக்களின் பங்கேற்போடு." கைகள் விரிந்தன.

மக்களிடம் போய்ப் பேச எங்களில் தெலுங்கு வாயில் சரளமாக வருவது எனக்குத்தான். அதில் அப்போது பெருமை வேறு. போய்ப் பேசினேன். அவள் கையிலிருந்த போர்வையை முறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"நக்கோ. கல்லு காயக்கூடாதுன்னு சொன்னேன்ல?" நக்கோ என்று நகரத்துக்காரர்கள் தெலுங்குக்கு நடுவிலும் சொல்வார்கள். வேண்டாம் என்பதைவிட அதற்கு எடை அதிகம்.

"ஒரு மாசம்தான்க்கா. அப்புறம் அறுபதுக்கு மேல வந்துடும். அப்புறம் அவனால தொடவே முடியாது."

"நீ பொறுப்பா?"

"நான் பொறுப்பு."

சொல்வதற்கு எவ்வளவு சுலபமான சொல். அவள் போர்வையை உதறிக் கொடியில் போட்டாள். மறுவாரம் பதினொரு குடும்பமும் மூட்டைகளை ஆட்டோக்களில் ஏற்றிக்கொண்டு, ஊரின் மறுகோடியில் உப்பலில் அவளுடைய தங்கை இருந்த குடியிருப்புப் பக்கம் போயிற்று. அங்கே ஒரு ஆழ்துளைக் கிணறு இருந்தது. மாதாப்பூர் சட்டைகள் நகரத்தைக் குறுக்கே கடந்து போய்த் துவைபட்டு, மறுபடி கடந்து வந்தன.

"பத்து நாளா ஒரே சட்டை," என்றான் அண்ணன். "உன் மக்கள் தொல்லியலால என் சட்டையே தொல்லியல் ஆயிடுச்சு. இன்னும் ரெண்டு நாள் போனா நீயே வந்து தோண்டிக்கலாம்."

அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் கம்பெனியிலிருந்தே நாற்பது தொண்டர்கள் வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமையிலும் கழுத்தில் அடையாள அட்டை. நெஞ்சில் 'என் நகரம், என் மரபு' என்று எழுதிய டீ-ஷர்ட், மடிப்புக் கலையாதது. கம்பி பிரஷ் கொண்டு தேய்த்தார்கள், பிழையைத் திருத்துகிற உற்சாகத்தோடு. சோப்புக் கறை போயிற்று. அதோடு சில நூற்றாண்டுச் சுண்ணாம்புப் பூச்சும் போயிற்று. துவைகற்களை உருட்டி மேலே கொண்டுபோய்ச் சரிவில் தள்ளினார்கள், ஒவ்வொன்றுக்கும் கைதட்டல். ஒருவர் அம்மனைக் கையில் எடுத்துவிட்டு, என்ன செய்வது என்று தெரியாமல், குழந்தையை வாங்கிக்கொண்ட பிரம்மச்சாரி மாதிரி நின்றார். அவளை மட்டும் திரும்ப வைக்கச் சொன்னோம். படம் எடுக்கும்போது அந்த மாடம் வராத கோணமாகப் பார்த்துக்கொண்டோம்.

தொல்லியல் படங்களுக்கு ஒரு மரியாதை உண்டு. சட்டகத்துக்குள் ஆள் வரக்கூடாது. நிழல்கூட விழக்கூடாது. ஆள் நிற்க வேண்டிய இடத்தில் கறுப்பும் வெள்ளையும் பட்டை அடித்த ஒரு அளவுகோல் நிற்கும். இரண்டு வருடப் படிப்பில் நான் நன்றாகக் கற்றுக்கொண்டது இது ஒன்றுதான்: எங்கே போனாலும், கொஞ்சம் தள்ளிக்கொள்ளுங்கள் என்று பணிவாகச் சொல்வது. அன்றைய படங்களில் கிணறு தெய்வீகமாக இருந்தது. கிணறு தோண்டப்பட்ட நாளிலிருந்து அது அவ்வளவு வெறுமையாக இருந்திருக்காது.

எண்பத்து நான்கு. சமோசா வந்தது, இரானி சாய் வந்தது, பேராசிரியர் என் கையைக் குலுக்கினார். அறிக்கையின் வடிவமைப்பு, வரலாறு, வரைபடங்கள் எல்லாம் மற்றவர்கள். நடை என்னுடையது. 'இன்றைய நிலை' என்ற தலைப்பின் கீழ், கழித்தல் வரிசைக்கு ஆதாரமாக, நான் எழுதிய வாக்கியம் ஒன்று உண்டு. 'சின்னம் தற்போது பயன்பாட்டில் இல்லை. எந்தச் சமூகமும் இதைச் சார்ந்து இல்லை.' முற்றுப்புள்ளி வைத்த இடம்கூட எனக்குத் திருப்தியாக இருந்தது.

அறிக்கை நகர நிர்வாகத்துக்குப் போயிற்று. ஒரே அலுவலகத்தில் இரண்டு மேசை இருப்பது எங்கள் பாடத்திட்டத்தில் இல்லை. எண்பத்து நான்கு என்பது பாதுகாப்புப் பட்டியலுக்கான மேசைக்குப் போனது, அங்கேயே தங்கியது. 'பயன்பாட்டில் இல்லை' என்பது, கைவிடப்பட்ட கிணறுகளை விபத்துத் தடுப்புக்காக மூடுகிற மேசைக்குப் போனது. அந்த மேசை சுறுசுறுப்பானது. கட்டடக்காரர் அந்தப் பக்கத்தை நகல் எடுத்து மனுவோடு இணைத்திருந்தார்.

மாதம் முடிந்து அவள் மூட்டையோடு வந்தபோது சரிவைச் சுற்றித் தகரம் நின்றது. நேரே எங்கள் துறைக்கு வந்துவிட்டாள். வராந்தாவில் இரண்டு மண்பானைக் காட்சிப்பெட்டிகளுக்கு நடுவில் நின்றாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை.

"அவன் உள்ள விடலை. நாங்க அங்க இருந்ததே இல்லைன்னு காகிதம் இருக்காம், படிச்சவங்க எழுதினதாம். நீ ஒண்ணு எழுதிக் குடு. நாங்கதான் துவைக்கிறோம், நீதான் போகச் சொன்னேன்னு. நாலு வரி போதும். லாரி வர்றதுக்கு முன்னாடி வேணும்."

எழுதுகிறேன் என்றேன். பேராசிரியரிடம் போனேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எழுதலாம், தாராளமாக எழுதலாம். ஆனால் இன்னும் பன்னிரண்டு நாளில் வாய்மொழித் தேர்வு. அறிக்கையில் ஒன்று, கடிதத்தில் இன்னொன்று என்றால் வெளித்தேர்வாளர் என்ன கேட்பார்? உங்களை மட்டுமில்லை, ஐந்து பேரையும் கேட்பார். தேர்வு முடியட்டும். கிணறு எங்கே ஓடிவிடப்போகிறது?"

நான் யோசித்தேன் என்று எழுத ஆசைதான். யோசிக்கவில்லை. நிம்மதியாகத்தான் இருந்தது. பன்னிரண்டு நாளும் அவள் கைபேசியிலிருந்து அழைப்பு வந்தது. முதலில் எடுத்து, எழுதிக்கொண்டிருக்கிறேன் அக்கா, என்றேன். பிறகு எடுக்கவில்லை. வெளித்தேர்வாளர் எங்கள் படங்களைப் பார்த்து உருகினார். சமூகத்தை இவ்வளவு அழகாக ஈடுபடுத்திய ஆய்வை அவர் சமீபத்தில் பார்த்ததில்லையாம். ஐந்து பேருக்கும் முதல் வகுப்பு.

அன்று மதியமே கடிதம் எழுதினேன். நாலு வரி கேட்டவளுக்கு மூன்று பக்கம். தண்ணீரில் விழுந்த வெயில்கூட அதில் இருந்தது. அவளைக் கூட்டிக்கொண்டு அலுவலகத்துக்குப் போனேன். மேசைக்குப் பின்னால் இருந்தவர் பொறுமைசாலி. என் கடிதத்தை முழுக்கப் படித்தார். பிறகு அறிக்கையை எடுத்து, அந்தப் பக்கத்தைத் திருப்பி, இரண்டையும் எனக்கு முன்னால் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"மேடம், ரெண்டுலயும் உங்க கையெழுத்து. எதை நான் நம்பட்டும்?"

"கடிதத்தை."

"ஆனா முத்திரை அறிக்கையில இருக்கே." அதை அவர் வருத்தத்தோடுதான் சொன்னார். "அதுவும் போக, நேத்தே கொட்ட ஆரம்பிச்சாச்சு."

திரும்பி வரும் வழியில் தகரத்தின் ஓட்டை வழியாகப் பார்த்தோம். மாதாப்பூரின் உடைத்த பாறைகளை லாரி லாரியாகக் கிணற்றுக்குள் தள்ளிக்கொண்டிருந்தார்கள். படிகள் தெரியவில்லை. அவள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என்னிடம், "மூணு பக்கம் எழுதினியே, எங்க எல்லார் பேரும் அதுல இருந்துச்சா?" என்றாள். ஒரு பெயரும் இல்லை. எனக்கு அவள் பெயரே தெரியாது. குறிப்பேட்டில் அவள் 'தகவலாளி ஒன்று'.

பதினொரு குடும்பத்தில் நாலுதான் தொழிலில் மிஞ்சியது. உப்பலில் துவைத்து, வாரம் மூன்று நாள் சரக்கு ஆட்டோவில் மாதாப்பூருக்குக் கொண்டுவந்தார்கள்.

எனக்கு ஒரு வருடம் வேலை கிடைக்கவில்லை. பிறகு கிடைத்தது. கிணற்றின் மேல் எழும்பிய அடுக்ககத்தின் முன்கூடத்தில் வைக்க, மரபு பற்றி ஒரு பித்தளைப் பலகை வேண்டுமாம். பேராசிரியர் என் பெயரைச் சொல்லியிருந்தார். நான் மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். மாறாக, இதிலாவது உண்மையை எழுதிவிடலாம் என்று எனக்கு நானே ஒரு உரை நிகழ்த்திக்கொண்டு ஒப்புக்கொண்டேன். எழுதவும் செய்தேன். 'பதினொரு சலவைக்காரக் குடும்பங்கள் தலைமுறைகளாக இங்கே துவைத்தன.' கட்டடக்காரரின் விளம்பரப் பிரிவுப் பெண் மிக மரியாதையாகப் பேசினாள். துவைப்பது என்றால் குடியிருப்போருக்கு அழுக்குதான் ஞாபகம் வரும். வழிப்போக்கர்கள் தாகம் தீர்த்தார்கள் என்று மாற்றலாமே, உங்கள் நடையில்? மாற்றினேன். என் நடை எதற்கும் வளைந்து கொடுக்கும். பின்னாளில் என்னைக் கவிஞர் என்று கூப்பிட்டவர்கள் அதைத்தான் பாராட்டினார்கள்.

பலகை மாட்டிய அன்று காலை பார்க்கப் போனேன். முன்கூடத்தில் படிக்கிணறு வடிவத்தில் ஒரு நீரூற்று, மூன்று படி, நீல விளக்கு. இஸ்திரி போட்ட துணிமூட்டையைத் தலையில் வைத்தபடி அவள் லிஃப்டுக்குக் காத்து நின்றாள். என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டாள். திட்டவில்லை. அது எனக்குக் கஷ்டமாக இருந்தது.

"இது என்ன, கோயில் மாதிரிப் பித்தளை? என்ன எழுதியிருக்கு? வாசி."

தெலுங்கில்தான் இருந்தது. வாசித்தேன். காலத்தின் கண்ணாடி, கல்லில் உறைந்த குளிர்ச்சி, தாகத்தோடு வந்த வழிப்போக்கர்கள், அவர்கள் குனிந்து அள்ளிய நிலவு. மூட்டையைத் தலையிலிருந்து இறக்காமல் முழுக்கக் கேட்டாள்.

"நல்லா இருக்கே," என்றாள். "எந்த ஊர்க் கிணறு இது?"

"உங்க கிணறுதான் அக்கா. இதுக்கு அடியில இருந்துச்சே, அது."

பலகையைத் திரும்ப ஒருமுறை பார்த்தாள், துணியில் கறை போயிற்றா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது போல.

"துவைக்கிறதே இல்லையே இதுல."

"இருந்துச்சுக்கா. எடுத்துட்டாங்க."

"யாரு எடுத்தா?"

லிஃப்ட் வந்துவிட்டது என்றேன்.